நூற்றொரு டால்மேஷியன்கள்: கோடுகள் ஏன் இத்தனை கரடுமுரடாக இருக்கின்றன?

கேள்வி — வேளச்சேரி வாசகன்

கோடை விடுமுறையில் என் ஒன்பது வயது மகளுடன் பழைய டிஸ்னி படங்களை அவை வெளிவந்த வரிசையிலேயே பார்த்து வருகிறேன். 1959இல் வெளியான ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யைப் பார்த்து முடித்த மறுநாள், 1961இல் வெளியான, டால்மேஷியன் என்ற புள்ளிநாய் இனத்தின் கதையான ‘ஒன் ஹண்ட்ரட் அண்ட் ஒன் டால்மேஷியன்ஸ்’ படத்தைப் பார்த்தோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது இரண்டே ஆண்டுகள்தான் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. முதற்படத்தில் ஒவ்வோர் இலையும் தனித்தனியாகத் தீட்டப்பட்டிருக்கிறது. உருவங்களின் விளிம்புக் கோடு கண்ணை உறுத்தாமல் நிறத்தோடு கலந்து கிடக்கிறது. இரண்டாவது படத்திலோ நாய்களை வளர்க்கும் ரோஜரின் தோளைச் சுற்றியும், குட்டிகளின் தோலுக்கு ஆசைப்படும் வில்லி க்ருயெல்லாவின் மணிக்கட்டைச் சுற்றியும் பென்சில் கிறுக்கல்கள் அப்படியே தெரிகின்றன. சில இடங்களில் ஒரே விளிம்புக்கு இரண்டு கோடுகள் ஓடுகின்றன. பின்னணியில் உள்ள வீடுகளின் நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கிறது. முதலில் பிரதிதான் மோசம் என்று நினைத்துச் செப்பனிட்ட பதிப்பையும் தேடிப் பார்த்தேன். அதிலும் கிறுக்கல்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தனவே தவிரக் குறையவில்லை.

இது வேண்டுமென்றே செய்த அழகா, அல்லது பணமில்லாமல் செய்த சிக்கனமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். மகளுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. பிறந்த குட்டிகள் பதினைந்தும் தூய வெள்ளையாக இருப்பதைப் பார்த்து, படம் வரைந்தவர்கள் புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். உண்மையிலேயே டால்மேஷியன் குட்டிகள் அப்படித்தான் பிறக்குமா?

மறுமொழி — மைக்கூடு

நான் பல ஆண்டுகள் கையால் வரையும் அனிமேஷனில் கிளீன்-அப் வேலை பார்த்தவன். அதாவது, முதன்மை ஓவியர் வேகமாகக் கிறுக்கித் தள்ளும் பென்சில் படங்களின் மேல் புதுத்தாளை வைத்து ஒற்றைச் சுத்தக் கோடாக இழுத்துக் கொடுப்பது என் பிழைப்பாக இருந்தது. ஆகவே உங்கள் கண்ணுக்கு உறுத்திய அந்தக் கிறுக்கல்கள்தாம் எனக்கு அந்தப் படத்திலேயே மிகவும் பிடித்தவை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னர் இருந்த முறை இதுதான். அனிமேட்டர் பென்சிலால் தாளில் வரைவார், அது சுத்தப்படுத்தப்படும், பிறகு அந்தத் தாளின் மேல் செல் எனப்படும் தெளிந்த தகட்டை வைத்து, மையிடும் பிரிவினர் பேனாவாலோ மெல்லிய தூரிகையாலோ ஒவ்வொரு கோட்டையும் மீண்டும் வரைவார்கள். அத்துறையில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். மை காய்ந்தபின் தகட்டைத் திருப்பிப் பின்புறத்தில் வண்ணம் நிரப்புவார்கள். 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ காலத்திலிருந்தே, கன்னத்தின் விளிம்புக்கு ஒரு நிற மை, ஆடையின் விளிம்புக்கு வேறொரு நிற மை என்று வண்ணத்துக்கு இசைந்த கோடுகளை அவர்கள் இழுத்தார்கள். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யில் கோடு உங்கள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அந்தப் பெண்களின் கைத்திறன்தான். ஏறக்குறைய முழுவதும் கையால் மையிட்டு டிஸ்னி எடுத்த கடைசி முழுநீளப் படம் அதுவே.

டால்மேஷியன் படத்தில் அந்த நடுப்படி எடுக்கப்பட்டுவிட்டது. அதைச் சாத்தியமாக்கியது, நம் ஊரில் தெருவுக்குத் தெரு கடை போட்டிருக்கும் அதே ஜெராக்ஸ்தான். இதை உவமையாகச் சொல்லவில்லை, உள்ளபடியே அதே முறைதான். செஸ்டர் கார்ல்சன் என்ற அமெரிக்கர் 1938இல் நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் இந்த உலர்நகல் முறையைக் கண்டறிந்தார். மின்னேற்றம் பெற்ற தகட்டின் மேல் ஒளி விழுந்த இடமெல்லாம் மின்னேற்றம் இழந்துவிட, கோடு இருக்கும் இடத்தில் மட்டும் அது தங்கிக் கரும்பொடியைப் பிடித்துக்கொள்ளும். அலுவலகங்களுக்கான ஜெராக்ஸ் 914 இயந்திரம் சந்தைக்கு வந்தது 1959இல். ஏறக்குறைய அதே வேளையில் டிஸ்னியின் பழைய கூட்டாளியும் இயந்திர நுட்பத்தில் அசகாய சூரருமான அப் ஐவர்க்ஸ், அந்தக் கரும்பொடியைத் தாளுக்குப் பதிலாக நேரே செல் தகட்டில் பதியவைக்கும்படி கருவியை மாற்றியமைத்தார். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’யின் சில காட்சிகளிலும், 1960இல் வந்த ‘கோலையத் டூ’ என்ற குறும்படத்திலும் ஒத்திகை பார்த்துவிட்டு, டால்மேஷியனில் முழுப்படத்துக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

இதன் விளைவை ஓவியனின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். அதுவரை திரையில் தெரிந்தது அனிமேட்டரின் கோடு அன்று. அதைப் பார்த்து இன்னொருவர் இழுத்த கோடு. எவ்வளவு தேர்ந்த கையானாலும் பார்த்து எழுதும்போது ஓர் உயிர் கழன்றுவிடும். கையெழுத்தைப் பார்த்து எழுதியவருக்கும் கையெழுத்துப் போட்டவருக்கும் உள்ள வேறுபாடு அது. க்ருயெல்லாவை ஏறக்குறையத் தனியொருவராக வரைந்த மார்க் டேவிஸின் பென்சில் அழுத்தம், தயக்கம், வேகம் எல்லாம் இந்தப் படத்தில்தான் முதல்முறையாகக் குறையாமல் திரைக்கு வந்தன. அவள் மேலங்கியை வீசிக்கொண்டு ரோஜரின் வீட்டுக்குள் நுழையும் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள். சிகரெட் புகையைவிட அவள் முழங்கைக் கோடு அதிகமாக அலையும்.

நிறம் கோட்டைத் தாண்டி வழிவதும் பிழையன்று. கலை இயக்குநர் கென் ஆண்டர்சன், உருவங்களில் கறுப்புக் கோடு துருத்திக்கொண்டிருக்கும்போது பின்னணி மட்டும் கோடில்லாமல் குழைவாக இருந்தால் இரண்டும் ஒட்டாது என்று கண்டு, பின்னணிக்கும் கோட்டுப்படத்தைத் தனியே வரைந்து ஜெராக்ஸ் எடுத்து, வால்ட் பெரிகாய் திட்டுத்திட்டாகத் தீட்டிய வண்ணத்தின் மேல் அதைப் போர்த்தச் செய்தார். வண்ணம் கோட்டுக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயத்தையே அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை.

மறுமொழி — பழைய படச்சுருள்

மைக்கூடு அவர்கள் சொன்ன தொழில்நுட்ப விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வி கேட்டவர் ‘அழகா, சிக்கனமா’ என்று நேராகக் கேட்டிருக்கும்போது அழகை மட்டும் சொல்லிச் செல்வது சரியன்று. இது சிக்கனம்தான். ‘ஸ்லீப்பிங் பியூட்டி’ ஏறத்தாழ 1950களின் பெரும்பகுதியை விழுங்கி, 60 லட்சம் டாலரையும் விழுங்கி, முதல் வெளியீட்டில் போட்ட பணத்தைத் திருப்பித் தரவில்லை. அனிமேஷன் பிரிவில் ஆட்குறைப்பு நடந்தது. வால்ட் டிஸ்னியின் கவனமோ 1955இல் திறந்த டிஸ்னிலாந்து, தொலைக்காட்சி, நடிகர்களை வைத்து எடுக்கும் படங்கள் என்று வேறு திசைகளில் போய்விட்டது. செலவைக் குறைக்காவிட்டால் முழுநீள அனிமேஷனையே மூடிவிடலாம் என்ற நிலையில் வந்ததுதான் இந்த இயந்திரம். டால்மேஷியன் படம் 40 லட்சம் டாலரை ஒட்டிய செலவில் முடிந்தது.

இரண்டாவதாக, இந்தக் கோடுகள் வால்ட் டிஸ்னிக்கே பிடிக்கவில்லை என்பது பதிவான செய்தி. அவர் பல ஆண்டுகள் போராடித் திரையிலிருந்து மறைத்த கோட்டை இவர்கள் மறுபடியும் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள் என்று வருந்தினார். கென் ஆண்டர்சன் மேல் அவருக்கு இருந்த மனத்தாங்கல், 1966இல் அவர் இறப்பதற்குச் சற்று முன்னர்தான் தணிந்தது என்று ஆண்டர்சனே நினைவுகூர்ந்திருக்கிறார்.

மூன்றாவதாக, அந்த மையிடும் பெண்களைப் பற்றி ஒரு வரியில் பாராட்டிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அவர்களது கலையைத்தான் அந்த இயந்திரம் விழுங்கியது. நிறக்கோடு என்ற ஒன்றே டிஸ்னி படங்களிலிருந்து பல ஆண்டுகள் காணாமல் போயிற்று. தொடக்கத்தில் அந்த இயந்திரத்துக்குக் கறுப்பைத் தவிர வேறு நிறம் தெரியாது. 1977இல் வந்த ‘தி ரெஸ்க்யூவர்ஸ்’ படத்தில்தான் சாம்பல்நிறப் பொடியைக் கொண்டு கோட்டைச் சற்று மென்மையாக்கினார்கள். நடுவில் வந்த படங்களில் குழந்தை முகத்துக்கும் கறுப்புக் கோடு, கிளி இறகுக்கும் கறுப்புக் கோடு. லண்டனின் புகைபிடித்த செங்கல் வீடுகளுக்கும், கறுப்பு வெள்ளை நாய்களுக்கும் பொருந்திய ஒரு பாணி எல்லாக் கதைக்கும் பொருந்திவிடாது. டால்மேஷியன் தப்பித்தது அதன் கதையின் அதிர்ஷ்டம்.

இதில் இன்னொருவரையும் சொல்ல வேண்டும். டோடி ஸ்மித் 1956இல் எழுதிய நாவலிலிருந்து திரைக்கதையைத் தனியொருவராக எழுதி, காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் கதைப்பலகையையும் வரைந்தவர் பில் பீட். டிஸ்னியில் கதையைப் பத்துப் பேர் கூடி இழுப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. நாவலில் ஆண்நாய் போங்கோவின் துணை மிஸ்ஸிஸ். குட்டிகளுக்குப் பாலூட்ட வந்து சேரும் வேறொரு நாய்தான் பெர்டீட்டா. பீட் இரண்டு தாய்களையும் ஒருத்தியாக்கினார். இரண்டு ஆயாக்களையும் ஒருத்தியாக்கினார். கம்பளித்தோல் வணிகரான க்ருயெல்லாவின் கணவரைக் கதையிலிருந்தே கழற்றிவிட்டார். நிதித்துறையில் இருந்த நாய்களின் உரிமையாளரைப் பாட்டெழுதிப் பிழைப்பவராக மாற்றினார். கோட்டில் மட்டுமன்று, கதையிலும் நடந்தது சிக்கனம்தான். ஆனால் இந்தச் சிக்கனத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

மறுமொழி — நான்கு நாய் வீடு

கலை வாதத்துக்குள் நான் வரவில்லை. குழந்தையின் கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன். அவளிடம் ஓவியர்கள் மறக்கவில்லை என்று சொல்லுங்கள். டால்மேஷியன் குட்டிகள் உண்மையிலேயே வெள்ளையாகத்தான் பிறக்கும். ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனபின் புள்ளிகள் ஒவ்வொன்றாக மேலெழும்பத் தொடங்கும். பிறந்த குட்டிகளைப் பார்த்த க்ருயெல்லா, புள்ளியே இல்லையே என்று சீறுவது அவளுக்கு நாயைப் பற்றி எதுவும் தெரியாது, தோலைப் பற்றி மட்டுமே தெரியும் என்று காட்டும் இடம். எழுதிய டோடி ஸ்மித் இந்த இனத்தை வளர்த்தவர். அவருடைய முதல் டால்மேஷியனின் பெயரே போங்கோ. மூச்சில்லாமல் பிறந்த குட்டியை ரோஜர் துணியில் வைத்துத் தேய்த்துப் பிழைக்கவைக்கும் காட்சியும் அவர் வீட்டில் நடந்ததன் சாயல்தான்.

சொல்லாமல் விடக்கூடாத ஒன்று இருக்கிறது. படம் பார்த்த குழந்தை அடுத்த வாரம் ஒரு குட்டி கேட்கும். இந்த இனம் வண்டியோடு ஓடுவதற்கென்று வளர்க்கப்பட்டது. மாடிக்குடியிருப்பில் கட்டிப்போட்டால் வீட்டையே பிய்த்துவிடும். உடலின் வெள்ளையைத் தரும் அதே மரபோடு காது கேளாமையும் சேர்ந்து வருவதால், ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்காத குட்டிகள் இந்த இனத்தில் கணிசமாகப் பிறக்கின்றன. போதாக்குறைக்கு, தூய டால்மேஷியன்களின் உடலில் யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் வழி சரியாக இயங்காததால் சிறுநீர்க் கல் அவற்றுக்குப் பரம்பரைச் சொத்து. 1973இல் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் பாயின்டர் இன நாயோடு ஒரே ஒருமுறை கலந்து அந்தக் குறையை நீக்கும் வழியைத் தொடங்கினார். அந்தக் கால்வழியை, நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கெனல் கிளப் ஏற்றுக்கொண்டு பதிவுசெய்ததோ 2011இல்தான்.

படம் 1985இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தபின், அங்கு ஓராண்டில் பதிவான டால்மேஷியன்களின் எண்ணிக்கை சுமார் 8 ஆயிரத்திலிருந்து எட்டே ஆண்டுகளில் 42 ஆயிரத்துக்கு மேல் ஏறியது. 1996இல் நடிகர்களை வைத்து எடுத்த படம் வந்தபின்னர், வாங்கியவர்கள் வளர்க்க முடியாமல் காப்பகங்களில் கொண்டுபோய் விட்டார்கள். தோலுக்காக 84 குட்டிகளைக் கடை கடையாக விலைக்கு வாங்கியவளை வில்லியாகக் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனையும் நடந்தது.

மறு கேள்வி — வேளச்சேரி வாசகன்

மூவருக்கும் நன்றி. இன்னும் ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. சிக்கனமே நோக்கம் என்றால், உடலெல்லாம் புள்ளி உள்ள நூறு நாய்களின் கதையை ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும்? ஒரு நாயை வரைவதைவிட நூறு நாய்களை வரைவது எப்படியும் செலவுதானே?

மறுமொழி — மைக்கூடு

சரியான இடத்தில் பிடித்தீர்கள். படச்சுருள் அவர்களுக்கு நான் சொல்ல நினைத்த விடையும் இதில்தான் இருக்கிறது. டிஸ்னி இந்த நாவலின் உரிமையை வாங்கியது 1957இல். கையால் மையிட்டிருந்தால் இந்தக் கதையைப் படமாக்கவே முடிந்திருக்காது. படத்தில் வரும் புள்ளிகளின் மொத்த எண்ணிக்கை 64,69,952 என்றும், போங்கோவுக்கு 72, பெர்டீட்டாவுக்கு 68, குட்டி ஒவ்வொன்றுக்கும் 32 என்றும் டிஸ்னி நிறுவனம் அந்நாளில் அறிவித்தது. அவை 1,13,760 சட்டகங்களில், அதாவது ஃபிரேம்களில், பரவியிருப்பதாகவும் அதே அறிவிப்பு சொல்கிறது. 79 நிமிடத்தை நொடிக்கு 24 சட்டகம் என்று பெருக்கினால் துல்லியமாக அதே எண் வருவதால், இது யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து போட்ட கணக்கு என்பது என் துணிபு. ஆனாலும் வேலையின் பாரம் பொய்யன்று. அத்தனை புள்ளிக்கும் ஒருவர் பென்சிலால் விளிம்பு கட்ட, இன்னொருவர் அதையே மையால் மறுபடி கட்ட வேண்டியிருந்தால் எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஜெராக்ஸ் அங்கே இரண்டு விதத்தில் கைகொடுத்தது. சிறுசிறு குட்டிக் கூட்டங்களை மட்டும் அசையவைத்து வரைந்துவிட்டு, அவற்றையே நகலெடுத்து, இடமும் நேரமும் மாற்றி அடுக்கினார்கள். பனியில் வரிசையாக நடக்கும் அந்தப் பெருங்கூட்டம் அப்படி உண்டானது. புள்ளியை ஒழுங்கில் வைத்திருக்க அவர்கள் கண்ட வழி இன்னும் அழகு. விண்மீன் கூட்டத்தைப் பார்ப்பதுபோல் புள்ளிகளைப் பார்த்தார்கள். ஒரு புள்ளியை முதலில் ஊன்றிவிட்டால், அதிலிருந்து அடுத்தது எந்தப் பக்கம், எவ்வளவு தொலைவு என்று கண்டுகொண்டே போகலாம். நம் வீட்டுப் பெண்கள் மார்கழியில் புள்ளிக் கோலம் போடும்போது நடுப்புள்ளியை வைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்கிறார்கள். கோலமாவது அசையாமல் கிடக்கும், இங்கே கோலம் போட்ட தரையே எழுந்து ஓடுகிறது.

க்ருயெல்லாவின் காரையும் அப்படித்தான் எடுத்தார்கள். அட்டையில் சிறிய மாதிரியைச் செய்து, அதன் விளிம்புகளில் கறுப்புக் கோடு தீட்டி, அதை ஓட்டிப் படம்பிடித்து, ஒவ்வொரு சட்டகத்தையும் செல்லில் ஜெராக்ஸ் எடுத்து, பிறகு வண்ணம் தீட்டினார்கள். பனிமேட்டிலிருந்து அந்தக் கார் குலுங்கி வெளிவரும்போது அதன் கனம் நமக்குத் தெரிவது அதனால்தான்.

ஆக, சிக்கனத்துக்காகக் கொண்டுவந்த கருவி என்பதை நான் ஏற்கிறேன். சிக்கனம் மட்டும் நோக்கமாக இருந்திருந்தால், கோட்டின் கரடுமுரடை மறைக்கப் பின்னணியைப் பழையபடியே மென்மையாகத் தீட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஆண்டர்சன் மறைக்கவில்லை, வீடு, கார், சுவர்க் காகிதம், லண்டனின் பிரிம்ரோஸ் ஹில் குன்றின் மரங்கள் என்று எல்லாவற்றையும் அந்தக் கோட்டுக்கு இணங்கச் செய்தார்.

மறுமொழி — பழைய படச்சுருள்

டால்மேஷியனைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டர்சன் செய்தது கலைஞனின் வேலைதான். 1963இல் வந்த ‘தி ஸ்வோர்ட் இன் த ஸ்டோன்’ படத்தையும் இந்த வரிசையில் பார்க்கும்போது, அதே கோடு இன்னொரு கதையில் எப்படி வெறும் பழக்கமாகிப் போனது என்பதைக் கவனியுங்கள். அப்போது என் மனக்குறை புரியும். மார்க் டேவிஸும் க்ருயெல்லாவோடு படம் வரைவதை நிறுத்திக்கொண்டு டிஸ்னிலாந்து வடிவமைப்புக்குப் போய்விட்டார்.

இறுதியாக — வேளச்சேரி வாசகன்

நேற்று இரவு மறுபடியும் பார்த்தோம். இந்த முறை கிறுக்கல்கள் உறுத்தவில்லை. கரியில் புரண்டு லாப்ரடார் வேடம் போட்ட குட்டிகளின் மேல் உருகும் பனி சொட்டி வெள்ளை வெளிப்படும் இடத்தில் நிறுத்தி, ஒரு குட்டியின் முதுகில் அழிக்காமல் விட்ட பென்சில் கோட்டைக்கூடக் கண்டுபிடித்தேன். மகளிடம் 72 என்ற எண்ணைச் சொன்னதுதான் தவறாகிவிட்டது. படத்தை நிறுத்தி நிறுத்திப் போங்கோவின் புள்ளிகளை எண்ணினாள். பாதிக்கு மேல் எண்ணிக்கை தாண்டவில்லை. நாய்க்கு இன்னொரு பக்கமும் உண்டு என்று நான் சொன்னேன். அப்படியானால் அது திரும்பும்வரை காத்திருக்கிறேன் என்று, தொலையியக்கியை என்னிடம் தராமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.